தூரத்தில் நின்று எடுத்த படங்கள்

1

சீமையில் நாங்கள் குடியிருக்கும் இந்த ஊரில் செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில், தேவாலயத்தின் பின்பக்க மண்டபத்தில் படம் பிடிக்கிறவர்கள் கூடுகிறோம். யாரும் தொழில்காரர் இல்லை. ஒருவர் பஸ் ஓட்டுகிறார், ஒருவர் பல் வைத்தியர், ஒரு அம்மா கம்பளி நூல் கடை வைத்திருக்கிறார். எனக்கு பிஸ்கட் ஃபாக்டரியில் வேலை. மாதம் ஒரு தடவை வேறு ஊரிலிருந்து ஒரு நடுவர் வருவார். நாங்கள் கொண்டுபோகும் படங்களை ஒவ்வொன்றாக மரச்சட்டத்தில் வைத்து, மேலே விளக்கைப் போட்டு, எது சரி, எது சரியில்லை, ஏன் என்று எல்லோர் முன்னாலும் சொல்வார். அதைக் கேட்கத்தான் போகிறோம்.

போன வாரம் என் படம் ஏறியது. கால்வாய் ஓரம், பனி மூடிய படகுகள், நாயோடு நடக்கிற ஒரு கிழவர், பின்னால் மில்லின் புகைபோக்கி. நல்ல படம் என்றே நினைத்திருந்தேன். நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, “திஸ் ஒன் இஸ் எ பிட் பிஸி” என்றார். பிஸி என்றால் எனக்கு ஒரு அர்த்தம்தான் தெரியும். என்னைத்தான் கேட்கிறார் என்று எழுந்து நின்று, “நோ சேர், டியூஸ்டே ஐ ஆம் ஃப்ரீ” என்றேன். மண்டபமே சிரித்தது. படத்தில் கண்ணை இழுக்கிற சாமான்கள் கூடிப்போய்விட்டன என்பதைத்தான் அப்படிச் சொன்னாராம். பக்கத்திலிருந்த பல் வைத்தியர் காதோரம் விளக்கிச் சொன்னார்.

நானும் சிரித்தேன். ஆனால் உட்காரும்போது முழங்கால் இரண்டும் ஆடின. கையை முழங்காலின்மேல் அழுத்தி வைத்துக்கொண்டேன். நடுவர் அதற்குள் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

என்னோடு மகள் ரெஜினாவும் வந்திருந்தாள். எட்டு வயது. தமிழ் விளங்கும், பேச வராது. வந்தாலும் பேசமாட்டாள். வீட்டுக்கு நடக்கும்போது ஆங்கிலத்தில் கேட்டாள்:

“டாடி, அவர் நல்லவிதமாத்தானே பேசினார்? நீங்க ஏன் பயந்தீங்க?”

“பயம் இல்லம்மா. குளிரு.”

“உள்ளே ஹீட்டர் போட்டிருந்தாங்களே.”

வீட்டில் மேரி இதைக் கேட்டுவிட்டு அடுப்படியிலிருந்து சொன்னாள்: “பிள்ளகிட்ட ஏன் பொய் சொல்றீங்க? நடந்தத எழுதி வைங்க. அவ வாசிக்காட்டி ஊர்ல உள்ளவங்களாவது வாசிக்கட்டும்.”

ஆகவே எழுதுகிறேன்.

2

மாத்தளையில், ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் மாஸ்டராக இருந்தேன். மேரி மாத்தளை ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணம் முடித்த புதிதில், தோட்டத்தின் உதவி மானேஜரான சின்னத்துரை வேலையை விட்டுச் சீமைக்குக் கிளம்பியபோது, பங்களாச் சாமான்களோடு ஒரு கேமராவும் விலைக்கு வந்தது. அக்கார்டியன் மாதிரி இழுத்துத் திறக்கிற கேமரா. வாங்கிவிட்டேன். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். ரிவர்ஸ்டன் பக்கம் பனிமூட்டம் இறங்குகிற வளைவுகள், அதற்கும் அப்பால் லக்கலைக்கு இறங்குகிற ரோடு, மறுபக்கம் நாலந்தாவின் கல் கோயில் என்று சுற்றுவேன். அந்த நாளில் பிலிம் கிடைப்பதே அரிது. இறக்குமதிக் கட்டுப்பாடு. ஒரு ரோல் கிடைத்தால் மாதக்கணக்கில் வைத்திருந்து எடுக்கவேண்டும்.

கழுவக் கொடுக்கிற இடம் மாத்தளை டவுனில் ஜமால் நானாவின் ஸ்டூடியோ. நானா என்றால் அங்கே அண்ணன் மாதிரி. முன்பக்கம் நானா கல்யாணப் படம், அடையாள அட்டைப் படம் எடுப்பார். திரைக்குப் பின்னால் இருட்டறை. அது அவர் மனைவி பரீதா அக்காவின் ராஜ்யம். தன் வாப்பாவிடம், அதாவது அப்பாவிடம், தொழில் பழகியவர். பிலிம் கழுவுவது, பிரிண்ட் போடுவது எல்லாம் அவர்தான். என்னைவிட இரண்டொரு வயது மூப்பு இருக்கும்.

என் முதல் ரோலை வாங்கப் போனபோது நானா உறையை நீட்டி, “எல்லாம் ஷோக்கா வந்தீக்கி மாஸ்டர்” என்றார்.

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: “பொய் செல்லாதீங்க.”

பரீதா அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார். கையில் மருந்து வாசனை. உறையைத் திறந்து ஒரு படத்தை மேசையில் வைத்தார்.

“இது என்ன மாஸ்டர்?”

“ரிவர்ஸ்டன் மூட்டம்.”

“மூட்டம் எங்க ஈக்கி? எனக்கு வெள்ளக் கடதாசிதான் தெரியிது.” அடுத்ததை வைத்தார். “இது?”

“என் மனைவி.”

“எங்க?”

நான் காட்டினேன். ஒரு பெரிய மலை, பெரிய வானம், ஓரத்தில் குடை பிடித்த ஒரு புள்ளி.

“ஒங்களுக்கு எதுக்கும் கிட்டப் போக வெக்கம்,” என்றார் அக்கா. “சொந்தப் பொண்டாட்டிக்கிட்ட போகவும் வெக்கம். தூர நின்டு எடுக்கிறீங்க. எல்லாத்தயும் காட்டப் பாக்கிறீங்க, ஒண்டும் தெரியல்ல. கிட்டப் போங்க. எத எடுக்கிறீங்களோ அது மட்டும் உள்ளுக்கு வரட்டும்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாள் முழுக்கப் பிள்ளைகளின் கொப்பிகளில் சிவப்பு மையால் பிழை போடுகிறவன் நான். என் பிழையை இன்னொருவர் சொன்னால் தாங்காது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. “படத்தக் கழுவிக் குடுத்தாப் போதும் அக்கா. பாடம் கேக்க வரல்ல” என்று உறையைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த ரோலைக் கொடுத்து வாங்கியபோது அக்கா வாயே திறக்கவில்லை. அது அதைவிட எரிச்சலாக இருந்தது. கடை வாசல் வரை போனவன் திரும்பி வந்தேன்.

“என்னக்கா, ஒண்ணும் சொல்லலியே?”

“நீங்க கேக்கல்லயே.”

“கேக்கிறேன். சொல்லுங்க.”

அப்படித்தான் தொடங்கியது. ஒவ்வொரு ரோலுக்கும் மேசையில் படங்களைப் பரப்புவார். நெற்றியில் முளைத்த மரக்கிளை, சாய்ந்த தொடுவானம், வெயிலில் கண்ணைச் சுருக்கிய பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் சொல்வார். நல்லதாக ஒன்று இருந்தால் அதையும் சொல்வார், ஆனால் அதற்கு அரை வாய்தான் திறப்பார். நான் தலையாட்டிவிட்டு வருவேன். பிறகு ஞாயிற்றுக்கிழமை மலை ஏறியதும் எல்லாம் மறந்துபோகும். கால்கள் தாமாகவே பின்னால் பின்னால் போய் நின்றுகொள்ளும்.

3

இங்கே இறங்கிய முதல் வாரம், ஒரு அலுவலகத்தில் பெயர் கேட்டார்கள். சேவியர், அப்பா பெயர் அந்தோணி என்றேன். எதை முன்னால் எழுதினார்களோ, அன்றிலிருந்து நான் இந்த நாட்டில் மிஸ்டர் அந்தோணி. ஃபாக்டரியில் யாராவது “அந்தோணி!” என்று கூப்பிட்டால் அப்பா பின்னால் நிற்கிறாரோ என்று இன்றும் திரும்பிப் பார்க்கிறேன். திருத்தச் சொல்லி மேரி பலமுறை சொல்லிவிட்டாள். நான் போகவில்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து என் பெயரைக் கேட்டு எழுதுகிற இடம் எதற்கும் நான் தேவையில்லாமல் போவதில்லை.

மாத்தளையில் அது எழுபத்தொன்றாம் ஆண்டுச் சித்திரை. அரசாங்கத்தைக் கவிழ்க்க இளைஞர்கள் கிளம்பிவிட்டார்கள் என்று ரேடியோ சொன்னது. பொலிஸ் நிலையங்களைத் தாக்குகிறார்கள், பாலத்தை உடைக்கிறார்கள், டெலிபோன் கம்பியை அறுக்கிறார்கள் என்று பேச்சு. ஊரடங்கு. பள்ளிக்கூடம் மூடிவிட்டது. லக்கலைப் பக்கம் பஸ் போவதில்லை, அங்கே காட்டுக்குள் அவர்கள் இருக்கிறார்கள் என்றார்கள். தோட்டத்தில் நாங்கள் அரிசியை எண்ணிப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தோம். அது சிங்களப் பொடியன்மாரின் சண்டை, நமக்கு என்ன என்று ஒரு நினைப்பும் இருந்தது.

ஒரு காலை ஜீப் ஒன்று பள்ளிக்கூட வீட்டுக்கு முன்னால் வந்து நின்றது. இறங்கிய பொலிஸ்காரர் சிங்களத்தில் கேட்டார்: “கேமரா வச்சிருக்கிற மாஸ்டர் நீதானா?”

“ஆமாங்க சேர்.”

“அத எடுத்துக்கிட்டு ஏறு.”

மேரிக்கு அப்போது ஐந்தாம் மாதம். வாசற்படியில் நின்று, “எதுக்குன்னு சொல்லுங்க, எதுக்குன்னு சொல்லுங்க” என்று சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறிக் கேட்டாள். ஜீப்பைக் கிளப்பினார்கள். ஜீப் வளைவு திரும்பும்போது பார்த்தேன். அவள் செருப்பில்லாமல் ரோட்டுக்கு ஓடி வந்து நின்றுகொண்டிருந்தாள்.

4

பொலிஸ் நிலையத்தின் பின்பக்கத்து அறை ஒன்றில் மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி உட்கார்ந்திருந்தார். கத்தவில்லை, அடிக்கவில்லை. பல நாள் உறங்காத கண்கள். வெளியே மண்மூட்டைகளுக்குப் பின்னால் துப்பாக்கிகளோடு ஆட்கள். பக்கத்து அறையில் யாரோ முனகுகிற சத்தம் கேட்டது. அது நிற்கும், மறுபடி தொடங்கும்.

மேசையில் மூன்று படங்கள். என் படங்கள். ஊரடங்குக்கு முன்னால் ஜமால் நானாவிடம் கொடுத்து, இன்னும் நான் வாங்காத ரோல்.

“இந்த ஸ்டூடியோவில் சந்தேகத்துக்குரிய பிலிம் ஒன்று கழுவினார்கள் என்று தகவல் வந்தது,” என்றார் அதிகாரி. “கேட்டோம். கடைக்காரர் இதை எடுத்துக் கொடுத்தார். உன்னுடையதா?”

“ஆமாங்க.”

முதல் படத்தைத் தள்ளினார். லக்கலை ரோட்டிலுள்ள ஒரு பாலம். “இதை ஏன் எடுத்தாய்?”

“மீன்கொத்தி சேர். கைப்பிடியில் உட்கார்ந்திருந்தது.”

“எங்கே?”

குனிந்து பார்த்தேன். பாலம் இருந்தது. ஆறு இருந்தது. இரண்டு கரையும் காடும் இருந்தன. மீன்கொத்தியைக் காணவில்லை.

இரண்டாவது படம். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். “இது?”

“சுவருக்குக் கீழே வெற்றிலை விற்கிற அம்மா ஒருவர்...” அந்த அம்மா ஓரத்தில் நிழலோடு நிழலாகக் கிடந்தார். முகம் தெரியவில்லை.

மூன்றாவதில் பெட்ரோல் ஷெட். அங்கே நின்ற பழைய லொறியின் முகப்பில் யாரோ அழகாகப் பூ வரைந்திருந்தார்கள். அதைத்தான் எடுத்தேன். படத்தில் லொறி தீப்பெட்டி அளவு. மற்றதெல்லாம் பெட்ரோல் ஷெட்.

“பாலம். டெலிபோன். பெட்ரோல்,” என்று அதிகாரி விரலால் ஒவ்வொன்றாகத் தட்டினார். “நீ குருவி, வெற்றிலை, பூ என்கிறாய். உன் இடத்தில் நானிருந்தால் இதைவிட நல்ல பொய்யாகச் சொல்லியிருப்பேன்.”

என் சிங்களம் டவுன்காரர் சிங்களம் அல்ல. பயத்தில் அதுவும் திக்கியது. அவருக்கு இங்கிலீஷ் தெரியும் என்று நினைத்து, கேமராவோடு கிடைத்த புத்தகத்தில் படித்த வசனத்தில் விளக்கப் பார்த்தேன்: “சேர், ஐ ஷூட் ஒன்லி ஆன் சண்டேஸ்.”

வாசலில் நின்றவர் துப்பாக்கியைக் கை மாற்றிப் பிடித்தார். அதிகாரி பேனாவை மூடி வைத்தார். எனக்கு ஒரு கணம் கழித்துத்தான் நான் சொன்னது காதில் விழுந்தது.

“யாரை?” என்றார் அவர்.

“ஃபோட்டோ சேர், ஃபோட்டோ...”

“இந்தப் படங்களை யாருக்குக் கொடுக்க எடுத்தாய்? பெயர் மட்டும் சொல். மற்றதெல்லாம் பிறகு.”

அதே கேள்வியைப் பலவிதமாகக் கேட்டார். நான் அதே பதிலைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய்யாகத் தெரிந்தது. பக்கத்து அறையின் முனகல் நின்றிருந்தது. வெளியே லொறி ஒன்று எஞ்சினை நிறுத்தாமல் உறுமிக்கொண்டு நின்றது. அதில் ஆட்களை ஏற்றுகிறார்கள் என்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. கைகள் பின்னால் கட்டப்பட்ட இளைஞர்கள்.

5

பரீதா அக்கா உள்ளே வந்தது அப்போதுதான். பின்னால் மேரி, நெஞ்சோடு எங்கள் வீட்டு ஆல்பத்தை அணைத்துக்கொண்டு.

நடந்ததைப் பிறகு மேரி சொன்னாள். தோட்டத்து லொறி ஒன்றில் ஏறி டவுனுக்கு வந்து, வேறு எங்கே போவது என்று தெரியாமல் ஸ்டூடியோவுக்குப் போயிருக்கிறாள். ஜமால் நானா கதிரையில் குனிந்து உட்கார்ந்திருந்தாராம். “நானா, அவரப் புடிச்சிட்டுப் போய்ட்டாங்க” என்று இவள் அழ, அவர் தலையைத் தூக்கவேயில்லை. திரை விலகி அக்கா வந்து, நானாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேரியிடம், “மாஸ்டர் எடுத்த படமெல்லாம் வீட்ல ஈக்கா?” என்று கேட்டார். மேரி என்ன நினைத்தோ ஆல்பத்தைக் கையோடு கொண்டு வந்திருந்தாள். “பரீதா, போகாத” என்று நானா எழுந்து வழியை மறித்திருக்கிறார். “அவங்க ஒன்னயும் வெச்சிக்குவாங்க.” அக்கா அவரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

ஒரு முஸ்லிம் வீட்டுப் பெண், அந்த நாளில், அந்த இடத்துக்கு, புருஷன் துணையில்லாமல். வாசலில் நின்றவர் தடுத்திருக்கிறார். “நீங்க வெச்சீக்கிற படத்துக்கு பிரிண்ட் போட்டது நான். எனக்குத்தான் அதப்பத்தித் தெரியும்” என்று சொல்லி உள்ளே வந்துவிட்டார். அவர் சிங்களம் சுத்தமான டவுன் சிங்களம்.

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “உன் புருஷன் இந்தப் பிலிமைக் கொடுத்தான். நீ வந்து இவனுக்காகப் பேசுகிறாய். உங்கள் இரண்டு பேரில் யார் பொய் சொல்வது?”

“அவர் பிலிம குடுத்தார் சேர். படம் என்னன்னு அவர் செல்லல்ல. நான் செல்றேன்.” மேரியின் கையிலிருந்து ஆல்பத்தை வாங்கி மேசையில் விரித்தார். “இந்த மாஸ்டருக்குப் படம் எடுக்கத் தெரியாது.”

அதிகாரி ஆல்பத்தின் பக்கம் குனிந்தார்.

“இது அவர்ட மச்சான்ட கல்யாணம். மாப்புள பொண்ணு எங்கன்னு பாருங்க. கோயில்ட கூரதான் தெரியிது. அவங்க ரெண்டு பேரும் கீழ தீக்குச்சி மாதிரி நிக்கிறாங்க.” புரட்டினார். “இது தேர்த் திருவிழா. தேர் எங்க? ஆரோ ஒருத்தர்ட குடை. இது பள்ளிக்கூடப் புள்ளைகள், ஒண்டுக்கும் கால் இல்ல. இதில அவர்ட பொண்டாட்டி ஈக்கிறா சேர். தேடுங்க.”

அதிகாரி தேடினார். உண்மையாகவே தேடினார். மேரி மெல்ல முன்னால் வந்து விரலை நீட்டினாள்: “அது நாந்தாங்க சேர்.”

வாசலில் நின்றவரின் உதடு கோணியது. அதிகாரி நிமிர்ந்து பார்த்ததும் நேரானது.

எனக்கு அந்தக் கதிரையிலேயே செத்துப்போகலாம் போலிருந்தது. ஆனால் அந்த அறைக்குள் வந்தபிறகு முதல் தடவையாக மூச்சு இழுக்க முடிந்ததும் அப்போதுதான்.

“இவ்வளவு நாளா நான் இவருக்குச் செல்றது ஒண்டுதான்,” என்றார் அக்கா. “கிட்டப் போங்கன்னு. போகமாட்டார்.” கைப்பையிலிருந்து L எழுத்து மாதிரி வெட்டிய இரண்டு கறுப்பு அட்டைகளை எடுத்தார். வேண்டாததை மறைத்து, வேண்டியதை மட்டும் பார்க்க இருட்டறையில் வைத்திருப்பது. வெற்றிலைக்காரப் படத்தின்மேல் இரண்டையும் நகர்த்தி நகர்த்தி ஒரு சின்னச் சதுரமாக்கினார். கட்டிடம் மறைந்தது. சதுரத்துக்குள், கூடைக்குப் பின்னால், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு முகம். “இவவத்தான் எடுக்கப் போயீக்கிறார். இவ படத்துட நடுவுலயும் ஈக்கல்ல.” லொறியின் பூவைச் சதுரத்துக்குள் கொண்டுவந்தார். கடைசியாகப் பாலம். கைப்பிடியின்மேல் ஒரு கறுப்புப் புள்ளி. அதிகாரி மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து, நெடுநேரம் பார்த்தார்.

“இது குருவிதான் என்று எப்படித் தெரியும்?”

“மூக்கு ஈக்குது சேர். நீளமா.” பிறகு அக்கா குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். “பாலத்த ஒடைக்க வர்றவன் கிட்டப் போய்த் தூண எடுப்பான். இதில தூணே வெட்டுப்பட்டுப் போயீக்கி. எக்ஸ்சேஞ்சில வாசல் இல்ல. இவர் பாலத்தயும் ஒழுங்கா எடுக்கல்ல, குருவியயும் ஒழுங்கா எடுக்கல்ல. இத வெச்சி ஆரும் ஒண்டும் செய்ய ஏலாது.”

அதிகாரி கண்ணாடியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வெளியே லொறி கியர் போட்டு நகர்ந்தது. அது போகும் சத்தம் முழுவதையும் நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

“கேமரா இங்கே இருக்கட்டும். எல்லாம் அடங்கியபிறகு வந்து கேள்,” என்றார். “இன்றைக்கு ஊரடங்கு தொடங்குமுன் வீட்டுக்குப் போங்கள்.” நாங்கள் வாசலை எட்டும்போது மறுபடி குரல் வந்தது: “மாஸ்டர். அந்த அம்மா சொல்வதைக் கேள்.”

6

வெளியே ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. மேரி என் கையைப் பிடித்தவள் விடவில்லை. நான் அக்காவிடம், “நீங்க எனக்காக இவ்வளவு...” என்று தொடங்கினேன்.

“ஒங்கள வெளிய எடுக்கத்தான் அப்பிடிச் சொன்னேன்னு நெனக்காதீங்க,” என்றார் அவர். “அவ்வளவும் உண்ம.” சொல்லிவிட்டு முக்காட்டை இழுத்துப் பிடித்தார். ஸ்டூடியோப் பக்கம் திரும்பி வேகமாக நடந்தார்.

அக்காவைப் பற்றி டவுனில் பேசினார்கள். பொலிஸில் போய் நின்றவள் என்றார்கள். என்னோடு சேர்த்தும் கொஞ்சம் பேசினார்கள். அதனால் கொஞ்ச காலம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. ரெஜினா பிறந்தாள். கேமரா சில மாதம் கழித்துத் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு ஸ்டூடியோவுக்குப் போகும்போது மேரியும் பிள்ளையும் கூட வருவார்கள். அக்கா மேசையில் படங்களைப் பரப்பி முன்போலவே சொல்வார். நான் கேட்பேன், கேட்டபடி செய்யவும் செய்தேன். என் பிள்ளையின் முகம் படம் முழுக்க நிறைந்திருக்கும் ஒரு பிரிண்டைப் பார்த்து, “ம், இதப் பாக்கலாம்” என்றார் ஒரு நாள். எனக்கு இங்கே மண்டபத்தில் கிடைத்த எந்தக் கைதட்டலும் அதற்கு ஈடில்லை.

ஆனாலும் உடம்பு வேறு கணக்கு வைத்திருக்கிறது. என் படத்தை மேசையில் வைத்து, விளக்கைப் போட்டு, ஒருவர் குனிந்து பார்த்து, இதை ஏன் எடுத்தாய் என்று கேட்டால், முழங்கால் ஆடத் தொடங்கிவிடுகிறது. இதை ரெஜினாவுக்கு எப்படிச் சொல்வது? நேற்று முயன்றேன். தமிழில் தொடங்கி, அவளுக்கு விளங்காத இடங்களில் ஆங்கிலத்தில் இழுத்து, ஒருவழியாக அக்கா உள்ளே வந்த இடம் வரை கொண்டுவந்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்: “அந்தக் கடைக்கார அங்கிள் ஏன் உங்க பிலிமைக் கொடுத்தார்? அவர் கெட்டவரா?”

“பயந்துட்டாரும்மா” என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். மீதியை அவளுக்குச் சொல்லவில்லை.

7

மீதி இது.

மேரிக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து நாங்கள் புறப்பட இருந்த நேரம். பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க ஸ்டூடியோவுக்குப் போனேன். அன்று தனியாகத்தான் போனேன். அக்கா தன் உம்மாவைப் பார்க்கத் தாய்வீட்டுக்குப் போயிருந்தார். ஜமால் நானா மட்டும் இருந்தார். அந்தச் சித்திரைக்குப் பிறகு நானாவும் நானும் தனியாக நின்று பேசியதே இல்லை. நான் போனால் அவர் கணக்குப் பார்ப்பது போலக் குனிந்துகொள்வார். நானும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. எனக்குள் அந்தக் கோபம் ஆறவேயில்லை.

என்னைக் கதிரையில் உட்கார வைத்து விளக்குகளைச் சரிசெய்தார். கேமராவுக்குப் பின்னால் போனார். துணியைத் தலைக்குமேல் போட்டவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

“மாஸ்டர்,” என்றார் துணிக்குள்ளிருந்தே. “நீங்க போறதுக்கு முந்தி ஒண்டு செல்லணும்.”

நான் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அன்டைக்கி அவங்க தேடி வந்தது ஒங்கட பிலிம் இல்ல.”

துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. ஊரடங்குக்கு முந்தின வாரம் லக்கலைப் பக்கத்து இளைஞன் ஒருவன் ஒரு ரோல் கொண்டுவந்து கொடுத்தானாம். அன்று அக்கா கடையில் இல்லாததால் நானாவே கழுவிப் பார்த்தால், காடு வெட்டிய சேனைக்குள் வரிசையாக இளைஞர்கள், சிலர் கையில் துப்பாக்கி, எல்லாரும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒவ்வொரு முகமும் துலக்கமாக. கடையில் வேலைக்கு நின்றவன் அதைப் பார்த்துவிட்டு எங்கோ வாயை விட்டிருக்கிறான். பொலிஸ் வருவதற்கு முதல் நாள்தான் நானா அந்தப் பிலிமை அடுப்பில் போட்டாராம். பரீதா அக்காவுக்குக்கூடச் சொல்லவில்லை.

“வந்து நின்டு பிலிம் எங்கன்டு கேட்டாங்க. இல்லன்டு செல்ல ஏலாது, அவங்களுக்குத் தகவல் ஈக்கி. ஏதாவது ஒண்டு குடுக்கணும். அலுமாரியில ஒங்கட பாலம் இருந்திச்சி.” நானா விளக்கை அணைத்தார். அறை மங்கலானது. “நீங்க மாஸ்டர். சம்சாரம் அரசாங்க நர்ஸ். ஒங்கள எப்பிடியும் விட்டுருவாங்கன்டு நெனச்சேன். அந்தப் பொடியன்மார விட மாட்டாங்க.”

எனக்கு அன்றைய லொறியின் சத்தம் மறுபடி கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்த கட்டிய கைகள் தெரிந்தன. அன்று அந்த லொறியில் என்னையும் ஏற்றியிருக்கலாம். இந்த மனிதர் அதற்குத் துணிந்திருக்கிறார். அதே மனிதர் எத்தனையோ முகங்களை அடுப்பில் போட்டுக் காப்பாற்றியும் இருக்கிறார். அவர் கன்னத்தில் அறைவதா, கையைப் பிடிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. இரண்டையும் செய்யாமல் கதிரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு கேட்டேன்: “அந்த ரோலக் கொண்டாந்து குடுத்த பையன் என்ன ஆனான் நானா?”

ஜமால் நானா விளக்கை மறுபடி போட்டு, கேமராவுக்குப் பின்னால் போய்த் துணியைத் தூக்கினார்.

“படம் வாங்க இன்னும் வரல்ல மாஸ்டர்,” என்றார். “நேராப் பாருங்க.”